விஜயா தர்க்கப் பாட்டு கேட்கப் போன கதை

மலேசியாவின் ஈப்போவில் நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் என் வலது கால் தானாக பிரேக்கைத் தேடும். மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து அம்பத்தூர்ப் பக்கம் மேனாம்பேடு வந்து சேர்வதற்குள் அந்தக் கால் மரத்துப் போய்விட்டது. ஹாரன் இருக்கும்போது பிரேக் எதற்கு என்பது வாடகைக் கார்க்காரரின் கட்சி. இறங்கியதும் அவரைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டேன். அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

மகள் கல்யாணத்துக்கு நேரில் அழைப்பு வைக்க வந்திருந்தேன். சித்தப்பா காலமாகிவிட்டார். சித்தியும் அவர் மகள் விஜயாவும் மட்டும் மேனாம்பேட்டில் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்ட குடும்பம். கழனியெல்லாம் தொழிற்பேட்டையான பிறகு குடும்பமும் பட்டறை வேலைக்கு மாறிவிட்டது. விஜயா அங்கே ஒரு சின்னக் கம்பெனியில் சுவிட்ச் பூட்டுகிறாள்.

குழந்தையில் வந்த போலியோவில் அவளுக்கு இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில்தான் எங்கேயும் போய் வருகிறாள். சுற்றிச் சுற்றித் தோள் இரண்டும் படகு வலிக்கிறவன் தோள் மாதிரி இறுகிக் கிடந்தன. கால் போனது போதாதென்று, அவள் மேசைக்குப் பின்னால் இருந்த தகடு வெட்டும் மெஷின் கொஞ்சம் கொஞ்சமாகக் காதையும் தின்றிருந்தது. ரவிக்கையில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒயர், ஒயர் முனையில் காதுக்குள் ஒரு குமிழ். பாவம் என்று நினைத்துக்கொண்டு உரக்கப் பேச ஆரம்பித்தேன்.

"கத்தாதண்ணே," என்றாள். "கத்துனா பொட்டி கொய்ங்குது. மூஞ்சிய எனக்கு நேரா வெச்சிகினு மெதுவா பேசு, போதும்."

சித்தி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "இன்னா நைனா, இப்டி எளச்சிப் பூட்ட?" என்று கண் கலங்கினார். நான் ஒல்லியாக இருந்து இருபது வருஷமாகிறது. தாய்மனசு என்று விட்டுவிட்டேன். அன்று இட்லிக்கு வடகறி வாங்கி வந்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயை விட்டால் உலகத்தில் பசியாறவே வேறில்லை என்று பேசுகிறவன் நான். வடகறி இரண்டாம் தடவை விழுந்தபோது அந்தக் கட்சியிலிருந்து விலகிவிட்டேன்.

சாயங்காலம் எங்கோ ஒரு கோயிலில் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்டார்கள். விஜயா காதிலிருந்த குமிழைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாடகப் பாட்டு மாதிரி கீது இல்ல? தர்க்கமா?" என்று கேட்டாள்.

தர்க்கம் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இசை நாடகத்தில் கதாநாயகனும் கதாநாயகியும் எதிரெதிரே நின்று பாட்டாலேயே சண்டை போடுவார்கள். ஒருவர் கேள்வி, மற்றவர் அதே மெட்டில் பதில். ஆர்மோனியக்காரர் இரண்டு பக்கமும் கொளுத்திப் போட்டுக்கொண்டிருப்பார். நாடகம் பார்க்கப் போகிறவர்கள் பாதிப் பேர் அதற்காகத்தான் போவது.

"சின்ன வயசுல அப்பா தோள்ல குந்திகினு கேட்டுகீறேன்," என்றாள் விஜயா. "இப்ப ஸ்பீக்கர்ல வந்தா எனக்கு கர்ருனுதான் கேக்குது. இந்தக் காது இன்னும் கொஞ்ச வருசத்துல சுத்தமா நின்னுடும்னு டாக்டர் சொல்லிட்டாருண்ணே. அதுக்குள்ள ஒரே ஒரு தர்க்கத்த, வார்த்த வார்த்தையா கேட்டுடணும். அப்புறம் நின்னா நிக்கட்டும்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பு அம்மன் கோயிலில் மதுரைப் பக்கத்து நாடகக்காரர்கள் ஆடப் போகிறார்கள் என்று அவளே விசாரித்து வைத்திருந்தாள். நான் அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் உடனே ஒரு நிபந்தனை போட்டாள்.

"என்ன யாரும் தூக்கக் கூடாது. வண்டியோடயும் கூடாது, வண்டி இல்லாமயும் கூடாது."

முன்பு ஒரு திருவிழாவில் நாலு பேர் சேர்ந்து வண்டியோடு அவளைத் தூக்கிக் கூட்டத்துக்கு நடுவில் கொண்டு போயிருக்கிறார்கள். "சாமி ஊர்வலம் மாதிரி போனேன். ஒரு அம்மா என்னப் பாத்து கன்னத்துல போட்டுகிச்சு," என்றாள். சொல்லும்போது சிரித்தாள். அதற்குப் பிறகு எந்த நாடகத்துக்கும் அவள் போகவில்லை என்று சித்தி அடுப்படியிலிருந்து சொன்னார்.

மறுநாள் ரயில் சரிப்படுமா என்று பார்க்க இருவரும் அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போனோம். மேம்பாலம் முழுக்கப் படி. மின்சார ரயில் வந்து நின்றால், நான் மூச்சிழுத்து முடிப்பதற்குள் கிளம்பிவிடுகிறது. எங்கள் ஊரில் ரயில் வந்தால் ஒருவன் இறங்கிக் கோப்பி குடித்துவிட்டு ஏறலாம். கூடைக்காரர்கள் ஏறும் பெட்டியில் வண்டி போகும் என்று ஒரு போர்ட்டர் யோசனை சொன்னார். "ரெண்டு பேர் புட்ச்சா தூக்கிப் போட்டுடலாம் சார், ஒரு நிமிசம்!" விஜயா அவர் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டு வண்டியைத் திருப்பிவிட்டாள்.

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். ஈப்போவில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தெலுங்கர், அதனால் எனக்குக் காதில் விழுந்தது. "அந்தக் கையைப் பார்த்தாயா? நம் இரண்டு பேர் கையையும் சேர்த்து முறுக்கினால்கூட அப்படி வராது." விஜயாவிடம் சொன்னேன். வீடு வரும்வரை அவள் வண்டி வழக்கத்தைவிட வேகமாகப் போனது. சாலை வழியாகவே போய்விடலாம், நான் வாடகை சைக்கிளில் கூட வருகிறேன் என்று முடிவாயிற்று.

மூன்றாம் நாள் இடத்தைப் பார்த்து வர நான் மட்டும் ஆவடிக்குப் பஸ்ஸில் போனேன். உள்ளே இருந்தவர்களைவிட வெளியே தொங்கியவர்கள் அதிகம். என் பேருந்தில் ஒரு பிள்ளை ஜன்னலில் கை நீட்டினாலும் நான் வண்டியை நிறுத்திவிடுவேன். இங்கே கண்டக்டர், "உள்ள வா மாமே, உள்ள கபடியே ஆடலாம்!" என்று கூப்பிட்டுக்கொண்டே விசில் அடித்தார்.

குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. வாசலில் கேட்கிற தமிழ் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு: ஒரு வீட்டில் திருநெல்வேலி, அடுத்ததில் தஞ்சாவூர். விழாக் கமிட்டித் தலைவர் நாச்சிமுத்து கோயம்புத்தூர்க்காரர், தொழிற்சாலையில் ஃபோர்மன். காலை ஷிஃப்டுக்கு ஆள் குறையக் கூடாது என்று விடிய விடிய நடக்க வேண்டிய நாடகத்தைப் பகலிலேயே வைத்து விளக்கு வைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறவர். எனக்கு போண்டாவும் டீயும் வரவழைத்துக் கொடுத்துவிட்டு மைதானத்தைச் சுற்றிக் காட்டினார்.

அங்கேதான் சிக்கல் புரிந்தது. எங்கள் ஊர் விழாக்களில் முன்வரிசை நாற்காலி டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களுக்கு. இங்கே முன்னால் முழுக்கப் பாய், நாற்காலிக்காரர்கள் எல்லோரும் கடைசியில். நியாயம்தான், நாற்காலி முன்னால் இருந்தால் பாயில் இருப்பவர்களுக்கு மறைக்கும். ஆனால் விஜயாவின் வண்டி நாற்காலிக் கணக்கில் கடைசிக்குப் போய்விடும். கடைசியில் இருந்தால் அவளுக்குக் கேட்காது. முன்னால் வந்தாலோ மேடையின் இரண்டு பக்கமும் அண்டா அண்டாவாகக் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் அவள் காதுப் பெட்டி அலறும். இதெல்லாம் போக, மைதானத்தைச் சுற்றிச் சாக்கடை, அதைத் தாண்ட ஒரே ஒரு கல், கல்லுக்கு மேல் படி.

எல்லாவற்றையும் நாச்சிமுத்துவிடம் விளக்கினேன்.

"முன்னால சேர் போட்டா பின்னால இருக்கிறவங்க என்னையத் தோலை உரிச்சுப் போடுவாங்கங்க," என்றார். பிறகு தாடையைச் சொறிந்துகொண்டு, "ஏனுங்க, தங்கச்சியோட சேத்து வண்டி என்ன வெயிட்டுங்க வரும்? சக்கரத்துக்குச் சக்கரம் என்ன அகலமுங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் வெல்டர் டில்லிபாபுவைக் கூப்பிட்டார். டில்லிபாபு முழுக்கக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"நாங்க ஏத்துற வண்டியெல்லாம் பீரங்கி வெச்ச வண்டி சார். அக்கா வண்டி இன்னா பெரிய மேட்டரா? நீ ஊட்டுக்குப் போயி நல்லா தூங்கு."

நான் நிம்மதியாகத்தான் திரும்பினேன். குமணன்சாவடி போய் அங்கிருந்த ஒரு உறவுக்காரருக்கு அழைப்பு வைத்துவிட்டு, பாய் கடை பிரியாணியும் சாப்பிட்டேன். சாக்கடைக்கு மேல் ஒரு பலகை போடுவார்கள், கூட்டத்துக்கு ஓரமாக ஓர் இடம் ஒதுக்குவார்கள் என்று மனதில் படம் வரைந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கிளம்பினோம். நான் சைக்கிள் ஓட்டிப் பல வருஷம். லாரி ஒன்று ஹாரன் அடித்தபோது நேராக ஒரு இளநீர்க் குவியலுக்குள் போய் நின்றேன். விஜயா சிரித்த சிரிப்பில் அவள் வண்டிச் சங்கிலி கழன்றுவிட்டது. திருமுல்லைவாயலில் சாலை ஓரமாக ஒதுங்கி, குனிந்து, ஒரு குச்சியால் அவளே மாட்டினாள். உதவி என்ற பேரில் நான் சட்டையெல்லாம் மசகு பூசிக்கொண்டதுதான் மிச்சம். அண்ணனூர் தாண்டியபோது என் பின்பக்கம் எனக்குச் சொந்தமில்லாதது போல ஆகிவிட்டது. அவள் வெற்றிலை மென்றுகொண்டு சுற்றிக்கொண்டே வந்தாள்.

மைதானத்தை அடைந்ததும் நான் சைக்கிளை விட்டு இறங்காமலே நின்றுவிட்டேன்.

ஒரு சாய்தளம் செய்திருந்தார்கள். வழுக்காத வரித் தகடு, இரண்டு பக்கமும் கைப்பிடி, மேலே தொழிற்சாலையில் வண்டிகளுக்கு அடிக்கிற அதே பச்சைப் பெயிண்ட். யானையே நடக்கலாம். ஆனால் அது மைதானத்துக்குள் போகவில்லை. சாலையில் தொடங்கி, சாக்கடையைத் தாண்டி, நேராக மேடைமேல் ஏறியது. பக்கத்தில் ஒரு கரும்பலகை. மலேசியாவிலிருந்து வருகை தரும் சிறப்பு விருந்தினர்களை வரவேற்கிறோம் என்று என் பேரும் விஜயாவின் பேரும் வண்ணச் சாக்பீஸில்.

எனக்கு வந்த கோபத்தில், "நான் இதையா கேட்டேன்?" என்று நாச்சிமுத்துவைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் உண்மையிலேயே திகைத்துப் போனார். "என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? தனியா வழி போட்டுக் கூப்பிடறவங்களக் கீழ உக்கார வெச்சா மரியாதையாங்க? மேடையில நடுவால உக்காருங்க, சால்வை போடறோம், ரெண்டு வார்த்தை பேசுங்க, அப்புறம் நாடகத்த ஆரம்பிச்சுக்கலாம்."

அவர்கள் பழக்கத்தில் விசேஷமாக ஒருவருக்கு வழி செய்தால் அது மேடைக்குத்தான் போகும். பார்க்க வருகிறவளுக்கு வழி செய்வது என்ற ஒன்று அவர்கள் நினைப்பிலேயே வரவில்லை. இரண்டு நாளாக ஷிஃப்டு முடிந்த பிறகு உட்கார்ந்து வெல்டிங் செய்திருக்கிறார்கள்.

விஜயாவின் முகம் சுண்டிவிட்டது. "தூக்குறதுக்கும் இதுக்கும் இன்னாண்ணே வித்தியாசம்? எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க. வா, ஊட்டுக்குப் போலாம்."

வண்டியைத் திருப்பத் தொடங்கினாள். அப்போது மேடையில் ஆர்மோனியக்காரர் உட்கார்ந்து சுருதி பார்த்தார். வயதானவர், மூக்குக் கண்ணாடி, வெள்ளை ஜிப்பா. ஒலிபெருக்கியை இன்னும் போடவில்லை. விஜயாவின் கை சுற்றுகிற கைப்பிடியிலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் மேடையையே பார்த்தாள்.

"ஸ்பீக்கர்லாம் எந்தப் பக்கம் பாத்துகினு கீது?" என்று டில்லிபாபுவைக் கேட்டாள்.

"ஜனங்க பக்கம்தாங்க்கா."

"அப்ப அந்த ஆர்மோனியக்காருக்கு எது கேக்கும்?"

"அவருக்கு இன்னா, பாடறவங்க வாயிலேர்ந்து வர்றது அப்டியே கேக்கும். கொழாய் சத்தம் பின்னால அவுரு பக்கம் வராது."

விஜயா நாச்சிமுத்து பக்கம் திரும்பினாள். சால்வை வேண்டாம், பேச்சு வேண்டாம், மைக்கில் பேர் சொல்லக் கூடாது, ஆர்மோனியக்காரருக்குப் பக்கத்தில் படுதா ஓரமாக ஓர் இடம் கொடுத்தால் போதும் என்றாள். நாச்சிமுத்துவுக்கு மனசே இல்லை. சால்வை வேறு வாங்கி வைத்துவிட்டார். "சால்வைய எங்க அண்ணனுக்குப் போடுங்க சார். மலேசியாக்காரரு அவுருதான்," என்று என்னைக் காட்டிவிட்டாள். கரும்பலகையில் அவள் பேரை அழித்தார்கள். என் பேர் தனியாக, இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

அவள் சாய்தளத்தில் ஏறத் தொடங்கினாள். பீரங்கி வண்டிக்கு அந்தச் சரிவு ஒன்றுமில்லை, கைக்கு அதிகம். பாதியில் சக்கரம் தயங்கி நின்றது. டில்லிபாபு பாய்ந்து பின்னால் கை கொடுக்கப் போனார்.

"கை வெக்காத!"

டில்லிபாபு கையை எடுத்துவிட்டார். வண்டி மெல்லப் பின்வாங்கி மறுபடி சாலைக்கே வந்தது. அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். வண்டியைச் சாலையின் அந்த ஓரம்வரை கொண்டுபோய், அங்கிருந்து வேகம் பிடித்து வந்தாள். தோள் இரண்டும் ஏறி இறங்கின, தகடு தடதடத்தது, வண்டி மேலே போய் நின்றது. பாயில் இடம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆர்மோனியக்காரர் மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, தன் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். அவள் ஏறிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் நான் சாலையிலேயே கைதட்டினேன். ஒரு ஆடு மிரண்டு ஓடியது.

எனக்குச் சால்வை போட்டார்கள். சித்திரை வெயிலில் அந்தச் சால்வையோடு முதல் வரிசையில் தனி ஜமக்காளத்தில் உட்கார வைத்தார்கள், ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேர் கீழே. பபூன் முதலில் வந்து ஆடிப் பாடினான். எனக்குச் சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் காதில் ஒரு லாரி ஏறி இறங்கியது. பிறகு ஜிகினா உடையில் ராஜா வந்தார். துடுப்போடு ஒரு பெண் வந்தாள். அவள் ஓடக்காரன் மகள் என்பதுவரை என்னால் ஊகிக்க முடிந்தது. பகல் வெளிச்சத்தில் அரிதாரம் வழிந்து ராஜாவின் மீசை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. தர்க்கம் தொடங்கியதும் மைதானம் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கு இரைச்சலைத் தவிர வேறொன்றும் பிடிபடவில்லை.

அதனால் நான் மேடை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விஜயா ஆர்மோனியத்தின் பலகைமேல் ஒரு கையை வைத்திருந்தாள். மற்றொரு கை காதுப் பெட்டியின் திருகைச் சரிசெய்துகொண்டிருந்தது. ராஜா பாடினால் அவர் வாயைப் பார்த்தாள், அந்தப் பெண் பாடினால் அவள் வாயைப் பார்த்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் கண்ணை விரித்தாள், ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தாள், ஒருமுறை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் சின்னத் தங்கையாக, சித்தப்பாவின் தோளில் இருந்த குழந்தையாக அவளை நான் அதற்கு முன்பு ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று பார்த்துவிட்டேன்.

"பாட்டு எப்படிங்க?" என்று நாச்சிமுத்து என் காதருகில் கத்தினார்.

"பிரமாதம்!" என்று நானும் கத்தினேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் நாடகம் முடிந்தது. இறங்குவது ஏறுவதைவிடப் பொல்லாதது. பிரேக்கை இறுக்கிப் பிடித்து அங்குலம் அங்குலமாக இறங்கினாள். பிரேக்கைப் பிடிக்கிற ஒரு மனுஷியை இந்த ஊரில் ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். சாய்தளத்தை அடுத்த வருஷமும் வைத்திருப்பதாக டில்லிபாபு சொன்னார். நாச்சிமுத்து, அடுத்த வருஷமாவது தங்கச்சி சால்வை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

திரும்பும் வழி இருட்டு, என் வாயசைவு அவளுக்குத் தெரியாது. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு டீக்கடை வெளிச்சத்தில் நிறுத்தச் சொல்லி, முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"எல்லாம் கேட்டுச்சா?"

"ஒரு எழுத்து உடல," என்றாள். "உனக்கு?"

"எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. கதையாவது சொல்லு. கடைசியில் யார் ஜெயித்தது?"

கண்ணில் தண்ணீர் வரும்வரை அவள் சிரித்தாள். பிறகு பேட்டரி வீணாகிறது என்று காதுக் குமிழைக் கழற்றி, பெட்டியை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு, வண்டியைச் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றிக்கொண்டே பாடினாள். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். அவளுக்கு அது கேட்காது. வார்த்தை மட்டும் ஒன்றுகூடத் தவறாமல் வந்தது. முதலில் ராஜாவின் கேள்வி:

"ஆறும் எனதடி, ஓடமும் எனதடி,
அக்கரை இக்கரை யாவும் எனதடி,
ஏறிய பின்னே என்னடி உனது?"

மேனாம்பேட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு மேடு. நாள் முழுக்கச் சுற்றிய கை, வண்டி திணறியது. நான் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டேன். யோசிக்காமலே என் கை அவள் வண்டியின் முதுகில் போய் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குரலை மட்டும் உயர்த்தினாள்:

"ஆறும் உனதையா, ஓடமும் உனதையா,
அக்கரை இக்கரை யாவும் உனதையா,
துடுப்பைப் பிடித்த கைமட்டும் எனது!"

நான் கையை எடுத்துக்கொண்டேன்.